கேட்டலிஸ்ட் 2960 சுவிட்சில் முன்னுரிமை வரிசைகள்: ஒரு மதிப்புரை

24 போர்ட்டுகள் 100 மெகாபிட் வேகத்திலும், மேலிணைப்புக்கான 2 போர்ட்டுகள் கிகாபிட் வேகத்திலும் இயங்கும் சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960, கணினிகளையும் தொலைபேசிகளையும் வலையமைப்பில் இணைக்கும் பழைய சுவிட்ச்தான். எனினும் பயன்படுத்திய கருவிகளை வாங்கி விற்கும் கடைகளில் மலிவாகக் கிடைப்பதால், ஐபி தொலைபேசிகள் உள்ள சிறிய அலுவலகத்துக்கு இது போதுமா என்று பலர் கேட்கிறார்கள். போதும் என்பதே என் கருத்து. ஆனால் எந்தப் போக்குவரத்துக்கு முன்னுரிமை தருவது என்று தீர்மானிக்கும் அதன் க்யூஓஎஸ் அமைப்பைப் படித்துப் புரிந்துகொள்ள ஒரு முழு நாளையாவது ஒதுக்கியாக வேண்டும்.

பெட்டியிலிருந்து எடுத்த நிலையில் க்யூஓஎஸ் அணைந்திருக்கும். வரும் பாக்கெட்டின் (தரவுத் துண்டின்) முன்னுரிமைக் குறியைத் தொடாமல் சுவிட்ச் அப்படியே அனுப்பிவிடும். 'எம்எல்எஸ் க்யூஓஎஸ்' என்ற ஒரே கட்டளையால் அதை இயக்கலாம். இயக்கியதுமே குரலுக்கு முன்னுரிமை கிடைத்துவிடும் என்று நினைப்பது இயல்பு, ஆனால் நடப்பது நேர்மாறானது: எந்தப் போர்ட்டில் வரும் குறியையும் நம்பச் சொல்லாதவரை, தொலைபேசி 46 என்று குறித்து அனுப்பும் டிஎஸ்சிபி மதிப்பை, அதாவது முன்னுரிமைக் குறியை, சுவிட்ச் 0 ஆக்கிவிடுவதால், குரல் பாக்கெட்டும் கோப்புப் பதிவிறக்கமும் ஒரே வரிசையில் நிற்கின்றன. எனவே தொலைபேசி உள்ள போர்ட்டுகளில் நம்பிக்கைக் கட்டளையையும் சேர்க்க வேண்டும். சிஸ்கோ தொலைபேசி இணைந்திருக்கும்போது மட்டும் நம்பு என்று சொல்லும் வசதியும் உண்டு. தொலைபேசியைக் கழற்றிவிட்டு ஒருவர் தம் கணினியைச் செருகி முன்னுரிமை கோரினால் அது செல்லாது. இந்த வசதி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ஒவ்வொரு போர்ட்டிலும் வெளியேறும் பக்கம் 4 வரிசைகள் உண்டு. 46 என்ற குறி இயல்பாகவே 1ஆம் வரிசைக்குச் செல்லும். அந்த வரிசைக்கு முன்னமைவாக 25 என்ற 'ஷேப்' எடை (வேக உச்சவரம்பைக் குறிக்கும் எண்) தரப்பட்டிருக்கிறது. எண்ணைப் பார்த்து 25 விழுக்காடு என்று எண்ணிவிடக் கூடாது. அது 25இல் ஒரு பங்கு, அதாவது 4 விழுக்காடு. மற்ற வரிசைகள் காலியாக இருந்தாலும் இந்த வரம்பு தளராது. 100 மெகாபிட் போர்ட்டில் 4 மெகாபிட் என்பது, ஏறத்தாழ 87 கிலோபிட் எடுக்கும் ஜி.711 என்ற குரல் குறியாக்க முறையிலான அழைப்புகள் நாற்பதுக்கு மேல் தாங்கும். ஆனால் காணொளிக் கூட்டத்தையும் அதே வரிசையில் போட்டால் படம் உறைந்து நிற்கும். போர்ட்டில் 'பிரையாரிட்டி க்யூ அவுட்' கட்டளையைத் தந்தால் இந்த எடை செல்லாமல் போய், 1ஆம் வரிசை காலியாகும் வரை அதற்கே முதலிடம் கிடைக்கும். அதே காரணத்தால் குரலைத் தவிர வேறெதையும் அங்கே விடக் கூடாது. விட்டால் மற்ற மூன்று வரிசைகளும் பட்டினி கிடக்கும்.

எடைகளைவிட, பாக்கெட்டுகள் காத்திருக்கும் நினைவிடமான இடையகத்தில்தான் என் பெரும் மனக்குறை. க்யூஓஎஸ் இயங்கியதும் போர்ட்டின் இடையகம் நான்கு வரிசைகளுக்கும் 25 விழுக்காடு வீதம் பிரிக்கப்படுகிறது. கிகாபிட் மேலிணைப்பு வழியாகக் கோப்பு சர்வரிலிருந்து தரவு பாய்ந்து வந்து, 100 மெகாபிட் போர்ட்டில் நெருங்கும்போது, சாதாரணப் போக்குவரத்து முழுவதும் 2ஆம் வரிசையின் கால்பங்கு இடத்தில் முட்டிமோதும். முன்பு விழாத பாக்கெட்டுகள் அப்போது விழத் தொடங்கும். 'க்யூசெட்' கட்டளையால் 2ஆம் வரிசைக்கு இடத்தைக் கூட்டி, அது நிரம்பக்கூடிய வரம்புகளையும் உயர்த்திய பிறகே இது சரியாகும். ஆட்டோ க்யூஓஎஸ் கட்டளை இவற்றில் பலவற்றைத் தானே எழுதித் தருகிறது. புதியவர்கள் அதிலிருந்து தொடங்குவது நல்லது, ஆனால் அது எழுதியதை ஒருமுறை வரிவரியாகப் படித்துவிட வேண்டும்.

சோதிக்கும்போது போர்ட் புள்ளிவிவரக் கட்டளை எந்த வரிசையில் எத்தனை பாக்கெட் விழுந்தது என்று காட்டும். அமைவில் 1 முதல் 4 வரை எண்ணப்படும் வரிசைகள் அந்தத் திரையில் 0 முதல் 3 வரை எண்ணப்படுகின்றன. திரையில் 1க்கு நேரே இழப்பு தெரிந்தால், அது குரல் வரிசையில் அல்ல, 2ஆம் வரிசையில் விழுந்தது.