கரடிப்போக்கில் ஒரு தட்டச்சுக் கடையும் என் ஐம்பத்தெட்டு உசாத்துணைகளும்

ஆய்வுக் கட்டுரையின் உசாத்துணைப் பட்டியலைச் சீர்படுத்த யாரிடம் கொடுக்கலாம் என்று எங்கள் பக்கத்தில் கேட்டால், யாழ்ப்பாணத்துக்குப் போகச் சொல்வார்கள். நான் ஒட்டுசுட்டானில் இருந்து மாங்குளம் வந்து, பஸ் மாறி, முறிகண்டியில் கச்சானும் வாங்கிக்கொண்டு கிளிநொச்சியோடு இறங்கிவிட்டேன். கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட, ஏ9 வீதியோரம், போட்டோப் பிரதி, கடவுச்சீட்டுப் படம், கலியாண அட்டை எல்லாம் செய்கிற சிறிய கடை. பெயரைப் போட வேண்டாம் என்று கடைக்காரத் தம்பி கேட்டுக்கொண்டார். இப்போதே வேலை தலைக்கு மேல் கிடக்கிறதாம்.

என் கட்டுரை வன்னியின் சிறு குளங்களைப் பற்றியது. 80 ஹெக்டேயருக்கு மேற்படாத வயலுக்கு நீர் கொடுக்கும் குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பில் வருபவை. அவற்றின் குளக்கட்டையும், நீரைத் திறந்துவிடும் துருசையும் ஊரவர்கள் எப்படிப் பராமரித்தார்கள் என்று எழுதி, ஆங்கில ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பியிருந்தேன். ஒன்பதாம் நாளே திரும்பி வந்தது. கட்டுரையை ஒருவரும் வாசித்ததாகத் தெரியவில்லை. உசாத்துணைகள் ஏ.பி.ஏ. (அமெரிக்க உளவியல் சங்கம்) வகுத்த 7ஆம் பதிப்பு முறையில் இல்லை என்று இரண்டே வரி. இருபத்து நான்கு வருடம் புவியியல் படிப்பித்தவளுக்கு இரண்டு வரி!

தம்பி உடனே கணினியில் கை வைப்பார் என்று நினைத்தேன். அவர் முழுக் கட்டுரையையும் தாளில் எடுத்து, சிவப்புப் பேனையால் உள்ளே வரும் ஒவ்வொரு மேற்கோளையும் கடைசிப் பட்டியலோடு ஒத்துப் பார்த்தார். அரை மணி நேரம் ஒரு பேச்சும் இல்லை. பிறகு சொன்னார்: "பந்திக்கு அழைக்காத ஐந்து பேர் இலை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள், ரீச்சர். அழைத்த மூன்று பேருக்கு இலையே இல்லை." பட்டியலில் இருந்த 58இல் ஐந்து, கட்டுரைக்குள் எங்குமே வரவில்லை. கட்டுரைக்குள் வந்த மூன்று, பட்டியலில் இல்லை. ஐந்தைக் கழித்து மூன்றைச் சேர்த்தால் 56.

அதன் பிறகுதான் சொட்டெரோவைத் திறந்தார். 2006இல் அமெரிக்காவின் ஜோர்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுத் துறை சார்ந்த மையம் ஒன்று வெளியிட்ட, உசாத்துணைகளைச் சேர்த்து ஒழுங்குபடுத்தும் இலவச மென்பொருள் அது. இணையத்தில் ஒரு கட்டுரைக்கென்றே இருக்கும் நிலையான அடையாளமான டி.ஓ.ஐ. இலக்கத்தைக் கொடுத்தால் ஆசிரியர், ஆண்டு, இதழ், பக்கம் எல்லாம் தாமாக வந்து விழுகின்றன. டி.ஓ.ஐ. இருந்த 31 பதிவுகளும் நான் ஒரு பிளேன் ரீ குடித்து முடிப்பதற்குள் ஏறிவிட்டன. ஆனால் வந்து விழுந்ததை அவர் அப்படியே நம்பவில்லை. சில தலைப்புகள் முழுக்கப் பெரிய எழுத்தில் வந்திருந்தன. ஏ.பி.ஏ. முறையில் கட்டுரைத் தலைப்பின் முதற்சொல்லும், முக்காற்புள்ளிக்குப் பின் வரும் சொல்லும், சிறப்புப் பெயர்களும்தான் பெரிய எழுத்தில் தொடங்கும். மருத மரத்தின் இலத்தீன் பெயர் ஒரு தலைப்பில் இருந்தது. அந்தச் சொற்களின் இரு பக்கமும் சிறு குறியிட்டுச் சாய்வெழுத்தாக்கினார். கச்சானை நீட்டினேன். விசைப்பலகைக்குப் பக்கத்தில் சாப்பிடுவதில்லை என்று மேசைக்கு அந்தப் பக்கம் தள்ளி வைத்தார். அந்த இடத்தில்தான் எனக்கு நம்பிக்கை பிறந்தது.

பெயர்களுக்குத்தான் நேரம் போனது. எங்களில் அப்பாவின் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். வெள்ளைக்காரன் பின்னால் வருவதைக் குடும்பப் பெயர் என்பான். ஆகவே பட்டியலில் எங்கள் சொந்தப் பெயர் முதலில் போய், அப்பா ஒற்றை எழுத்தாகப் பின்னால் வருவார். அதுவும் ஒழுங்காக நடந்தால்தானே? இரண்டு பதிவுகளில் ஆய்வாளர் முதலெழுத்தாகி, ஆய்வோடு சம்பந்தமே இல்லாத தகப்பனார் ஆசிரியராகியிருந்தார். "இதில் எது அப்பாவுடைய பெயர், ரீச்சர்?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் திருத்தினார்.

என் பெயரே ஒரு வழக்கு. 1999இல் எழுதிய கட்டுரையில் அப்பாவின் முதலெழுத்து. கலியாணத்துக்குப் பிறகு 2011இல் எழுதியதில் கணவரின் முதலெழுத்து. மென்பொருள் என்னை இரண்டு பெண்களாக எண்ணி, குழப்பம் வரக்கூடாதென்று கட்டுரைக்குள்ளேயும் முதலெழுத்துகளைச் சேர்த்துவிட்டது. மாற்றச் சொன்னேன். அச்சில் எப்படி வந்ததோ அப்படியே இருக்க வேண்டும் என்று மறுத்துவிட்டார். வேண்டுமானால் ஆய்வாளர்களுக்கான ஓர்கிட் என்னும் 16 இலக்க அடையாளத்தை இலவசமாக எடுத்து இரண்டு கட்டுரைகளையும் அதன் கீழ்ச் சேர்க்கலாம் என்றார். எடுத்துவிட்டேன்.

கமநலத் திணைக்களத்தின் பெயரை ஆசிரியராகப் போட நான் வீட்டில் அதே மென்பொருளில் முயன்று பார்த்தபோது, 'அபிவிருத்தி' குடும்பப் பெயராகி, 'கமநல' முதலெழுத்தாகிவிட்டிருந்தது. ஆசிரியர் பெயருக்கு இரண்டு கட்டம் இருக்கிறது. நிறுவனம் என்றால் அதை ஒற்றைக் கட்டமாக மாற்றிக்கொள்ள வேண்டும். இது தெரியாமல் ஒரு மாலை முழுவதும் சண்டை பிடித்திருக்கிறேன்.

வன்னி மாவட்டங்கள் பற்றி இலங்கைச் சிவில் சேவையின் ஜே. பி. லூயிஸ் எழுதிய கையேடு 1895இல் வந்தது. என்னிடம் இருப்பது மறுபதிப்பின் பிரதி. அதன் ஆண்டை மட்டும் போட்டிருந்தேன்; குதிரையில் திரிந்த காலத்து உத்தியோகத்தர் ஏதோ நேற்றுத்தான் வந்து குளம் பார்த்துவிட்டுப் போனது போல. கட்டுரைக்குள் மேற்கோள் காட்டும்போது இரண்டு ஆண்டையும் சாய்கோட்டால் பிரித்து எழுதுவதுதான் முறையாம்.

இன்னொன்றுக்கு அவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஊர்க்கோயில் மலர் ஒன்றில் வந்த குளக்கட்டு வேலை பற்றிய குறிப்பு. 2009இல் வீட்டோடு மலரும் போய்விட்டது. என் பழைய குறிப்புக் கொப்பியில் தலைப்பும் ஆண்டும் மட்டும் மிஞ்சின. பக்க எண் இல்லை. நூலகம் இணையத் தளத்தில் இரண்டு இரவு தேடினேன். அந்தத் தளம் 2005 முதல் நம் பழைய ஏடுகளைச் சேர்த்து வைக்கிறது. வேறு மூன்று தமிழ் நூல்களின் முகப்புப் பக்கங்கள் அங்கேதான் கிடைத்தன. இந்த மலர் இல்லை. கண்ணால் மறுபடி பார்க்காததைப் போட வேண்டாம் என்றார் தம்பி. அந்தப் பந்தியையே வெட்டினேன். மனமில்லாமல்தான்.

குறைகளும் உண்டு. சனிக்கிழமை தருவதாகச் சொன்னது செவ்வாய்க்கிழமைதான் வந்தது. ஒன்றரை மணி நேரப் பயணம் ஒரு தடவை வீண். தமிழ்த் தலைப்புகளை ஆங்கில எழுத்தில் எழுதி, பொருளைச் சதுர அடைப்புக்குள் தர வேண்டும். அதில் 'குளம்' ஓரிடத்தில் ஒருவிதம், இன்னோரிடத்தில் வேறுவிதம். நானே திருத்தினேன். பெரிய குறை இது: மென்பொருளோடு இருந்த தொடுப்பைத் துண்டித்த கோப்பை மட்டும் தந்தார். இதழுக்கு அனுப்ப அது சரி. வீட்டில் ஒரு மேற்கோளைச் சேர்த்தபோது பட்டியல் அசையவே இல்லை. திரும்பப் போய் உயிருள்ள கோப்பையும் வாங்கி வந்தேன். போகிறவர்கள் முதல் நாளே இரண்டையும் கேட்டுவிடுங்கள்.

பதிவு ஒன்றுக்கு 40 ரூபா, மொத்தம் 2,240. தாள் எடுத்த காசு தனி. மூல நூல்களின் முகப்புப் பக்கப் பிரதியைக் கையோடு கொண்டுபோனால் வேலை பாதியாகும். சாதாரண தரப் பரீட்சைக் காலத்தில் போகாதீர்கள்; கடை முழுக்க மாதிரி வினாத்தாள்தான்.

போன கிழமை இதழில் இருந்து பதில் வந்தது. உசாத்துணை பற்றி ஒரு சொல்லும் இல்லை. இரண்டாம் அட்டவணையில் ஏக்கரை ஹெக்டேயராக மாற்றட்டாம். அதற்கு நான் பஸ் ஏறத் தேவையில்லை.