புத்தகம் விற்க வாட்ஸ்அப்: பிராட்காஸ்ட் போதும், பல்க் வேண்டாம்

சொந்தமாகப் புத்தகம் போடும் தமிழ் எழுத்தாளருக்கு இன்று கடையும் வாட்ஸ்அப்தான், கல்லாவும் வாட்ஸ்அப்தான். அட்டைப்படம் போவது, "ஒரு பிரதி வேணும்" என்று முகவரி வருவது, பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் வருவது, எல்லாம் ஒரே எண்ணில். அந்த எண் கெட்டால் தொழிலே நின்றுவிடும். 300 பிரதி அச்சடித்துக் கையில் வைத்திருப்பவரை மனதில் கொண்டு, செய்தி பரப்ப அந்த ஆப்பில் உள்ள வழிகளை இங்கே எடைபோடுகிறோம்.

முதலிடம் பிராட்காஸ்ட் பட்டியலுக்கு. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். நீங்கள் ஒருமுறை அனுப்புவது ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தியாகப் போகும், பதிலும் உங்களுக்கு மட்டுமே வரும், ஒருவர் எண் இன்னொருவர் கண்ணில் படாது. ஆனால் உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே போய்ச் சேரும். பலர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். எங்கள் கணக்கில் இதுதான் இதன் பெரிய பலம். எண்ணைச் சேமித்தவர் உங்கள் அடுத்த புத்தகத்துக்குக் காத்திருப்பவர்.

அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து 'இன்ஃபோ'வைத் திறந்தால் யார் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று பெயர் பெயராகத் தெரியும். 250 பேர் உள்ள பட்டியலில் இரண்டு நாள் கழித்தும் 90 பேர்தான் தெரிகிறார்கள் என்றால், மீதிப் பேரில் பெரும்பாலோர் உங்கள் எண்ணைச் சேமிக்கவில்லை என்று பொருள். உடனே அவர்களுக்கு ஒவ்வொன்றாகத் தட்டிவிடக் கை பரபரக்கும். சறுக்கல் தொடங்கும் இடம் அதுதான். தெரியாத எண்ணிலிருந்து வரும் செய்தியோடு 'பிளாக்', 'ரிப்போர்ட்' இரண்டும் சேர்ந்தே வருகின்றன. ரிப்போர்ட் கொடுத்தால் நீங்கள் அனுப்பிய கடைசி ஐந்து செய்திகள் வரை வாட்ஸ்அப் நிறுவனத்துக்குப் போகும். பலர் அடுத்தடுத்து அப்படிச் செய்தால் எண் முடங்கலாம். முடங்கினால், பணம் கட்டிவிட்டுக் காத்திருக்கும் வாசகர்களின் முகவரிகளும் அந்த அரட்டைகளுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். ஆர்டர் வந்த அன்றே பெயர், முகவரி, தொகையை ஒரு நோட்டிலோ எக்செலிலோ எழுதிவிடுங்கள்.

பல்க் மெசேஜ் மென்பொருளையும், ஊர்வாரியாகத் தொகுத்த எண்களையும் விற்பவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். மொத்தமாகவும் தானியங்கியாகவும் அனுப்புவதை வாட்ஸ்அப் விதிகள் தடுக்கின்றன. அப்படிச் செய்பவர்கள்மேல் சட்ட நடவடிக்கை எடுப்போம் என்று 2019-லேயே அந்நிறுவனம் அறிவித்துவிட்டது. அது ஒருபுறம் இருக்கட்டும். அந்த எண்களின் சொந்தக்காரர்கள் யாரும் உங்களிடம் புத்தகம் கேட்கவில்லை. பத்தாயிரம் பேரின் எரிச்சலைச் சம்பாதித்துப் பத்துப் பிரதி விற்பது விற்பனையே இல்லை.

குழுவில் 1,024 பேர் வரை இருக்கலாம். ஆனால் கேட்காமல் இழுத்துப் போட்டால் ஒவ்வொருவர் எண்ணும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். பெண் வாசகர்களுக்கு இது எவ்வளவு தொல்லை என்பதைப் பல எழுத்தாளர்கள் யோசிப்பதே இல்லை. மற்றவர்களின் இலக்கியக் குழுக்களில் தினமும் அட்டைப்படத்தை ஒட்டுவதும் இதே ரகம்தான்.

2023-ல் வந்த சேனலில், அதாவது நீங்கள் பதிவிட மற்றவர்கள் பின்தொடரும் வசதியில், இந்தத் தொல்லை இல்லை, பின்தொடர்பவர் எண் மற்ற வாசகர்களுக்குத் தெரியாது. ஆனால் 'அப்டேட்ஸ்' பகுதியில் ஒதுங்கிக் கிடக்கும், உங்கள் பதிவின்கீழ் யாரும் ஆர்டர் எழுத முடியாது. கூடுதலாக வைத்துக்கொள்ளலாம், அதையே நம்பி இருக்க முடியாது.

சரி, எண்ணைச் சேமிக்க வைப்பது எப்படி? புத்தகத்தின் கடைசிப் பக்கம்தான் நல்ல இடம். அங்கே ஒரு க்யூஆர் கோடு, கீழே இரண்டு வரி: "அடுத்த நூல் வரும்போது தெரிவிக்கிறோம். இந்த எண்ணைச் சேமித்துக்கொண்டு 'சேர்' என்று அனுப்புங்கள்." முழுப் புத்தகத்தையும் படித்து முடித்தவர் கண்ணில்தான் அது படும். சென்னை நந்தனம் புத்தகக் காட்சி போன்ற இடங்களில் பில் போடும்போது எண் வாங்கினால், எதற்காக வாங்குகிறீர்கள் என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

அனுப்பும் செய்தி போனின் ஒரு திரைக்குள் அடங்க வேண்டும். ஒரே ஒரு படம், அட்டை. அதன்கீழ் நூலின் ஒரு நல்ல பத்தி. பிறகு பக்கம், விலை, தபால் செலவு சேர்த்து மொத்தம் எவ்வளவு, பணம் எப்படி அனுப்புவது. விலையைச் சொல்லாமல் "விவரங்களுக்குத் தொடர்புகொள்ளவும்" என்று முடித்தால் பாதிப் பேர் கேட்கவே மாட்டார்கள். சுருக்கப்பட்ட சுட்டி வேண்டாம், மோசடி என்று நினைத்து யாரும் தொடமாட்டார்கள். ஒரு நூலுக்கு மூன்று செய்தி போதும்: முன்பதிவுக்கு ஒன்று, அச்சாகி வந்ததும் ஒன்று, ஒரு மாதம் கழித்து வாசகர் ஒருவரின் கருத்தோடு, அவர் அனுமதி பெற்று, ஒன்று. காலை வணக்கமும் பண்டிகை வாழ்த்தும் இந்தப் பட்டியலுக்குப் போகவே கூடாது.

கடைசி வரி எப்போதும் இதுவாக இருக்கட்டும்: "இனி வேண்டாம் என்றால் 'வேண்டாம்' என்று அனுப்புங்கள், நீக்கிவிடுகிறோம்." அப்படி யாராவது அனுப்பினால் காரணம் கேட்காமல் அன்றே எடுத்துவிடுங்கள். அடுத்த நூலுக்குப் புதுப் பட்டியல் போடும்போது அந்த எண் மறுபடி நுழைந்துவிடாமல் இருக்க, நோட்டில் அந்தப் பெயருக்கு எதிரே ஒரு குறியும் போட்டுவிடுங்கள்.