நைலானா, ஸ்டீலா, எலெக்ட்ரிக்கா: முதல் கிட்டார் எது?

என் முதல் கிட்டாரில், 12-ஆவது ஃப்ரெட்டுக்கு (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளில் ஒன்று) மேலே கம்பி 3.5 மில்லிமீட்டர் உயரத்தில் நின்றது. இதை அளந்து பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே வாங்கி இரண்டு வருடம் கழித்துத்தான். அதுவரை என் விரல்களுக்குத்தான் பலம் போதவில்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். விற்ற கடைக்காரரும் அதையேதான் சொல்லியிருந்தார்: "ஆரம்பத்தில் வலிக்கத்தான் செய்யும் தம்பி, விரல் காய்த்துவிட்டால் சரியாகிவிடும்." விரல் காய்த்தது. எஃப் கார்ட் மட்டும், அதாவது ஒரே விரலைப் படுக்கவைத்துக் கம்பிகளைச் சேர்த்து அழுத்த வேண்டிய அந்தச் சுரக்கூட்டு, வரவே இல்லை. ஸ்டீல் கம்பி போட்ட கிட்டாருக்கு அந்த இடத்தில் 2 முதல் 2.5 மில்லிமீட்டர் போதும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அதனால்தான், "முதலில் அகூஸ்டிக் வாங்கு, கஷ்டப்பட்டுப் பழகு, எலெக்ட்ரிக்கெல்லாம் பிறகு" என்று யாராவது புதியவருக்கு யோசனை சொன்னால் எனக்குச் சுருக்கென்றிருக்கும். கஷ்டப்படுவது பயிற்சியில் சேர்த்தி இல்லை. பாதிப் பேர் எஃப் கார்டோடு கிட்டாரைப் பீரோ மேல் ஏற்றிவிடுகிறார்கள்.

கடையில் குழப்பும் பெயர்களை முதலில் தெளிவாக்கிக்கொள்ளலாம். ‘கிளாசிக்கல்’ என்றால் நைலான் கம்பி. ‘அகூஸ்டிக்’ என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் ஸ்டீல் கம்பி போட்டது. மூன்றாவது எலெக்ட்ரிக். மூன்றிலும் ஆறு கம்பிகள்தான். சுருதி சேர்ப்பதும் ஒரே மாதிரிதான்: தடித்த கம்பியிலிருந்து ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. ஒன்றில் பழகிய கார்ட் மற்ற இரண்டிலும் அப்படியே வரும். ஆகவே தவறானதை வாங்கிவிட்டால் கற்றது வீணாகிவிடுமோ என்ற பயம் வேண்டாம்.

வேறுபாடு இழுவிசையில் இருக்கிறது. வழக்கமான 12 கேஜ் (கேஜ் என்பது கம்பியின் தடிமன், எண் குறைந்தால் கம்பி மெல்லியது) ஸ்டீல் கம்பிகள் ஆறும் சேர்ந்து கிட்டாரின் கழுத்தை 70 கிலோவுக்கும் மேலான விசையில் இழுக்கின்றன. நைலானில் இது ஏறத்தாழ 40 கிலோ. எலெக்ட்ரிக்கில் 9 கேஜ் மெல்லிய கம்பி போட்டால் அதுவும் கிட்டத்தட்ட 40 கிலோதான். விரல்நுனிக்கு வலி தருவது இந்த இழுவிசையும் கம்பியின் உயரமும் சேர்ந்துதான். ஆக, "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிவைக்கப்படும் எலெக்ட்ரிக்தான் உண்மையில் விரலுக்கு எளியது!

நைலானில் இருந்து தொடங்குகிறேன். 1940-களுக்கு முன் இந்த வகைக் கிட்டார்களில் விலங்குக் குடலில் செய்த நரம்புகளைத்தான் கட்டினார்கள். நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் நைலானில் கம்பி செய்ய, ஸ்பானியக் கிட்டார் மேதை செகோவியா அதை மேடையில் வாசிக்க, குடல் நரம்பு மெல்ல விடைபெற்றது. நைலான் விரலை அறுக்காது. துருவும் பிடிக்காது, கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. கழுத்து அகலம், நட் (கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பிகள் பள்ளங்களில் அமரும் சிறு துண்டு) அருகே சுமார் 52 மில்லிமீட்டர். ஸ்டீலில் 43, 44 தான். சிறிய கைக்கு இந்த அகலம் எட்டாது என்பார்கள். எனக்கோ அது வசதியாகவே இருந்தது: ஒரு கம்பியை அழுத்தும் விரல் பக்கத்துக் கம்பியை உரசி ஊமையாக்காது. குழந்தைகளுக்கு முக்கால் அளவு, அரை அளவுக் கிட்டார்களும் கிடைக்கின்றன.

நைலானில் ஒரு தொல்லை உண்டு. புதுக் கம்பி கட்டினால் நாலைந்து நாட்களுக்கு நீண்டுகொண்டே இருக்கும். காலையில் சேர்த்த சுருதி மாலையில் இருக்காது. கருவி பழுதென்று கடைக்குத் திருப்பி எடுத்துச் செல்கிறவர்கள் உண்டு. இன்னொன்று, பாட்டுக்குத் தாளமாக மேலும் கீழும் அடிக்கும்போது அதன் ஓசை பொத்தென்று இருக்கும். நைலான் தனித்தனிச் சுரமாக விரலால் மீட்டுவதற்குப் பிறந்தது. லண்டன் டிரினிட்டி கல்லூரியின் இசைத் தேர்வு போன்றவற்றில் கிளாசிக்கல் கிட்டார் பாடத்திட்டம் இந்தக் கருவிக்குத்தான். இளையராஜா தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்று, டிரினிட்டி தேர்வில் தேறியதும் கிளாசிக்கல் கிட்டாரில்தான்.

நண்பர்கள் கூடி உட்கார்ந்து பாட வேண்டும், கிட்டார் உடன் ஒலிக்க வேண்டும் என்பதுதான் ஆசை என்றால், ஸ்டீலுக்கு ஈடு இல்லை. ஒரு ஜி கார்டை அடித்தால் அறையே நிரம்பும். நம்மில் பெரும்பாலோர் மனதில் வைத்திருக்கும் ‘கிட்டார் சத்தம்’ இதுதான், அதனால்தான் கடைக்காரர்களும் இதையே எடுத்துக் காட்டுகிறார்கள். ஆனால் கடையில் நிற்பதில் பெரும்பாலானவை டிரெட்னாட் என்ற பெரிய உடல். குள்ளமானவர்கள் அரைமணி நேரம் அணைத்துப் பிடித்தால் வலது தோள் கெஞ்சும். சற்றே சிறிய உடல் உள்ளதைக் கேட்டுப் பாருங்கள். 12 கேஜைக் கழற்றிவிட்டு 10 அல்லது 11 கேஜ் மாட்டச் சொல்லுங்கள். ஓசை கொஞ்சம் மெலியும், ஆனால் விரல் பிழைக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் கம்பிகளைத் துடைத்துவிட வேண்டும். சென்னை வேர்வைக்குத் துடைக்காத கம்பி சில வாரங்களிலேயே கருத்துச் சொரசொரத்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. "நைலான் சத்தம் போதவில்லை" என்று பக்கத்து வீட்டுப் பையன் தன் கிளாசிக்கல் கிட்டாரில் ஸ்டீல் கம்பியைக் கட்டினான். மூன்றாம் நாள் இரவு டமால் என்று ஒரு சத்தம். பிரிட்ஜ் (கிட்டார் உடலில் கம்பிகளைக் கட்டும் மரத்துண்டு) பலகையைப் பெயர்த்துக்கொண்டு வந்திருந்தது. 40 கிலோவைத் தாங்கச் செய்த மரத்திடம் 70 கிலோவைத் தாங்கச் சொன்னால் அதுதான் நடக்கும்.

எலெக்ட்ரிக்குக்கு வருவோம். கம்பி மெல்லியது, உயரம் குறைவு, கழுத்து ஒடுக்கம். ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டால் இரவு பதினொரு மணிக்கும் வாசிக்கலாம். அடுக்குமாடி வாழ்க்கையில் இந்த ஒரு காரணமே போதும். கம்பியை வளைத்துச் சுரத்தை இழைக்கலாம் என்பதால் கமகத்துக்கும் இது இணங்கும், ஆர். பிரசன்னா எலெக்ட்ரிக் கிட்டாரில் கர்நாடக இசை வாசிப்பதைக் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. செலவுதான் கூடுதல்: ஆம்ப்ளிஃபயர், கேபிள் எல்லாம் தனி. இன்னொரு பொறி, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகு குமிழ்கள். ஒலியை மாற்றி மாற்றிப் பார்ப்பதிலேயே ஒரு மணி நேரம் போய்விடும், ஒரு கார்டும் பழகியிருக்க மாட்டோம். மின்வெட்டு நேரத்தில் அது வெறும் மரக்கட்டை.

யூகலேலியைப் பற்றிக் கேட்பார்கள். நான்கு கம்பி, எளியது, மகிழ்ச்சியான கருவி. ஆனால் கிட்டார்தான் வேண்டும் என்பவர் அதை வாங்கினால் மூன்றாம் மாதம் கிட்டார் வாங்கத் திரும்ப வருவார்.

என் தேர்வைக் கேட்டால்: பத்து வயதுக் குழந்தைக்கும் தேர்வு எழுத நினைப்பவருக்கும் நைலான். பாடிக்கொண்டே வாசிக்க விரும்புபவருக்கு மெல்லிய கம்பி போட்ட ஸ்டீல். ராக் இசைதான் பிடிக்கும் என்பவர் நேராக எலெக்ட்ரிக்குக்குப் போகலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். எதுவானாலும் கடைக்குப் போகும்போது சட்டைப்பையில் ஒரு ஸ்கேல் இருக்கட்டும். 12-ஆவது ஃப்ரெட்டில் அளந்து பாருங்கள். நைலானில் 4, ஸ்டீலில் 2.5, எலெக்ட்ரிக்கில் 2 மில்லிமீட்டரைத் தாண்டினால் குறைத்துத் தரச் சொல்லுங்கள். பிறகு மூன்றாவது ஃப்ரெட்டில் கம்பியை அழுத்தி, முதல் ஃப்ரெட்டின் மேல் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். தலைமுடி அளவுதான் இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் நட்டின் பள்ளங்கள் ஆழம் போதவில்லை. எஃப் கார்டைக் கொல்வது பெரும்பாலும் அதுதான்.

என் கிட்டாரைப் பழுதுபார்த்தவர் கம்பிகளைத் தளர்த்தி, பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்கி நிற்கும் வெள்ளைத் துண்டான சாடிலை உருவி எடுத்தார். அடிப்பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டு, மேசையில் ஒட்டிய உப்புத்தாளில் தேய்த்தார். 12-ஆவது ஃப்ரெட்டில் ஒரு மில்லிமீட்டர் குறைய, சாடிலில் இரண்டு மில்லிமீட்டர் தேய வேண்டும் என்றார். நட்டில் ஆறு பள்ளங்களையும் மெல்லிய அரத்தால் இரண்டிரண்டு இழுப்பு. டீ வந்து ஆறுவதற்குள் வேலை முடிந்தது. அன்று இரவு எஃப் கார்டில் ஐந்து கம்பிகள் ஒலித்தன. பி கம்பிக்கு மேலும் இரண்டு வாரம் பிடித்தது.