எஸ்டிபியா ஆர்டிபியா? ப்ளேட்லெட் ஏத்த எது நல்லது

லுக்கேமியாவுக்கு (ரத்தப் புற்றுநோய்) கீமோ ஆரம்பிச்சா ப்ளேட்லெட் (ரத்தம் உறைய உதவுற தட்டணு) கவுன்ட் விழும், 10,000க்கு கீழ போனா பொதுவா ஏத்தச் சொல்வாங்க. ஆர்டிபி (ரேண்டம் டோனர் ப்ளேட்லெட்) சாதாரணமா தானம் குடுத்த ரத்தத்துல இருந்து பிரிக்கிறது, ஒரு பை சில நூறு ரூபா தான், ஆனா பெரியவங்களுக்கு ஒரு தடவைக்கே நாலஞ்சு பை போகும். எஸ்டிபி (சிங்கிள் டோனர் ப்ளேட்லெட்) ஒரே ஆள்கிட்ட மெஷின் வச்சு எடுக்குறது, ஒரு பையே கிட்டத்தட்ட ஆறு ஆர்டிபிக்கு சமம், செலவு ஆயிரக்கணக்குல.

மாசக்கணக்குல ஏத்தணும்னா நான் எஸ்டிபி பக்கம் தான். வெள்ளை அணுவை ஃபில்டர் பண்ணாத பைகள் நிறைய ஏறினா உடம்பு எதிர்ப்பு காட்டி அப்புறம் ஏத்தினாலும் கவுன்ட் நகராது, எஸ்டிபில அந்த வெள்ளை அணு மெஷின்லயே பெரும்பாலும் குறைஞ்சிடும். ஃபில்டர் பண்ண ஆர்டிபி கிடைச்சா சரி, அதுவும் மோசமில்ல.

எஸ்டிபில தலைவலியே டோனர் தான். தாம்பரத்துல இருந்து டிராஃபிக்ல அடையார் வந்து ஒன்றரை, ரெண்டு மணி நேரம் உக்காரணும், ஆஸ்பிரின் போட்டிருந்தா 3 நாள் கழிச்சு தான். எடுத்த ப்ளேட்லெட் 5 நாள்தான் தாங்கும்ங்கறதால வாங்கி ஸ்டாக் வைக்கவும் முடியாது. அண்ணன் தம்பி முதல்ல ஓடி வருவாங்க பாவம், ஆனா மஜ்ஜை மாற்று சிகிச்சை யோசனை இருந்தா டாக்டர கேக்காம அவங்ககிட்ட எடுக்க விடாதீங்க, ஆபீஸ் ஆளுங்க, காலேஜ் பசங்கள பிடிங்க. ரத்தக் கசிவு இருந்தா மட்டும் எஸ்டிபிக்குனு காத்திருக்காம கைல கிடைக்கிற ஆர்டிபிய ஏத்திடுங்க.