அடாஸ் காரில் 26 மாதம்: என் கண் எங்கே போனது?

என் கார் பெரும்பாலும் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில்தான் ஓடுகிறது. வாங்கி 26 மாதம், 41,000 கி.மீ. அதில் அடாஸ் (ADAS) என்ற ஓட்டுநர் உதவி வசதி இருக்கிறது: முன்னால் போகும் வண்டிக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும், காரை லேனுக்குள் பிடித்து வைக்கும். இந்த அளவு தானியக்கத்தை லெவல் 2 என்பார்கள்; சாலையைப் பார்க்க வேண்டியது இன்னும் நாம்தான். கால் வலி போனது உண்மை. ஆனால் நான் சொல்ல வந்தது கண்ணைப் பற்றி.

முதல் இரண்டு மாதம் கண் மீட்டரில்தான். முன் வண்டியை அடாஸ் கண்டுகொண்டால் மீட்டரில் பச்சையாக ஒரு சின்னக் கார் வரும். அது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். அப்புறம் நம்பிக்கை வந்தது. கண் மீட்டரை விட்டது, ஆனால் சாலைக்குத் திரும்பவில்லை. மேப், பாட்டு, ஓரத்து ஏரி என்று அலைந்தது.

வளைவுகளில் இன்னும் நன்றாகத் தெரிந்தது. நாமே திருப்பும்போது கண் முன்கூட்டியே வளைவின் உள் ஓரத்துக்குப் போய்விடும். மைக்கேல் லேண்ட், டேவிட் லீ என்ற ஆய்வாளர்கள் 1994-இலேயே இதை அளந்து காட்டியிருக்கிறார்கள். ஸ்டியரிங் தானே திரும்பும்போது கண்ணுக்கு அந்த வேலை இல்லை. என் பார்வை முன் காரின் நம்பர் பிளேட்டிலேயே ஒட்டிக்கொண்டது.

திண்டிவனம் தாண்டி ஒரு நாள், வேகம் 90. முன்னால் போன கார் சட்டென்று இடது பக்கம் ஒதுங்கியது. அது விலகிய இடத்தில், என் லேனிலேயே, பழுதாகி நின்ற லாரி; பின்னால் ஒரு வேப்பங்கொப்பு மட்டும் செருகியிருந்தது. நான் மேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஏங்க, லாரி!" என்று மனைவி கத்தியதும்தான் பிரேக்கை மிதித்தேன். 90-இல் இரண்டு நொடிக்கு 50 மீட்டர் போய்விடும். முன் வண்டி விலகியதும் நிற்கும் வண்டி எதிர்ப்பட்டால் அதை அடாஸ் சில நேரம் கண்டுகொள்ளாது என்று கார்ப் புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. கை ஸ்டியரிங்கில் இருந்ததால் கார் என்னை எச்சரிக்கவும் இல்லை. இது கையை மட்டும்தான் கவனிக்கிறது. ஓட்டுநரின் கண்ணைக் கவனிக்கும் கேமரா இப்போது சில கார்களில் வருகிறது; அடுத்த கார் வாங்கும்போது முதலில் அதைத்தான் கேட்பேன்.

இப்போது லேன் பிடிப்பதை அணைத்துவிட்டு வேகக் கட்டுப்பாட்டை மட்டும் வைத்திருக்கிறேன். கை திருப்பினால் கண் தானாகத் தூரத்துக்குப் போகிறது. முன் வண்டியைத் தாண்டி இரண்டாவது, மூன்றாவது வண்டியைப் பார்க்கிறேன். எதிர்த்திசையில் பைக் வரும் ஊர்களுக்கு அருகில் எல்லாவற்றையும் அணைத்துவிடுகிறேன். மீட்டரில் அந்தப் பச்சைக் கார் படம் வராதபடியும் செய்தாயிற்று. வேகம் மட்டும் தெரியும்.