ஹோம் அசிஸ்டென்ட் கிரீன்: போர் மோட்டாரையும் ஹால் லைட்டையும் ஒன்றாகக் கட்டும் பெட்டி

வீட்டு மின்சாதனங்களைத் தானாக இயக்க ஹோம் அசிஸ்டென்ட் கிரீன் வாங்கலாமா என்றால், வாங்கலாம். ஆனால் படுத்துக்கொண்டே போனில் லைட் அணைப்பதற்கு மட்டும் என்றால் வேண்டாம், அதற்கு ஒரு ஸ்மார்ட் பிளக் போதும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தனி வீடுகளில் ஆட்டோமேஷன் போட்ட காசைத் திருப்பித் தருகிற இடம் தண்ணீர் மோட்டார்தான். ஒகேனக்கல் தண்ணீர் சம்புக்கு அது வருகிற நேரத்துக்கு வரும். வராத நாளில் போர் ஓட வேண்டும். போரில் தண்ணீர் இறங்கிவிட்டால் மோட்டார் வெறுமனே ஓடிக் கருகும். டேங்க் சென்சார் ஒரு வகை, மோட்டார் ரிலே (சிக்னல் வந்தால் தானே போட்டு அணைக்கும் சுவிட்ச்) ஒரு வகை, சுவிட்ச் இன்னொரு வகை என்று இருப்பதால் எந்த ஒரு கம்பெனியின் ஆப்பும் இத்தனையையும் பார்த்துக்கொள்ளாது. ஹோம் அசிஸ்டென்ட் பார்த்துக்கொள்ளும்.

2013இல் தொடங்கிய ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் இது. கிரீன் என்பது அதை ஏற்றியே விற்கிற சின்னப் பெட்டி: 4 ஜிபி ரேம், 32 ஜிபி உள் சேமிப்பு. ராஸ்பெர்ரி பை 4இலும் இதே மென்பொருள் ஓடும்தான். ஆனால் கரண்ட் போய்ப் போய் வருகிற ஊரில் மெமரி கார்டில் ஓட்டினால் கார்டு கெடும், எஸ்எஸ்டி போட்டாக வேண்டும். கிரீனில் அந்தத் தொல்லை குறைவு. விளம்பரத்தில் பெரிதாகச் சொல்லாத இன்னொரு வசதி, அது 12 வோல்ட் 1 ஆம்பியரில் ஓடுவது. ரூட்டருக்கென்று விற்கும் 12 வோல்ட் மினி யூபிஎஸ்ஸே இதற்கும் ஆகும். பின் அளவையும் பிளஸ், மைனஸையும் மட்டும் பார்த்து மாட்டுங்கள். குறை என்னவென்றால், பெட்டிக்குள் வைஃபையும் இல்லை, சென்சாரும் ரிலேயும் பேசிக்கொள்ளும் வயர்லெஸ் முறையான ஜிக்பீயும் இல்லை. ரூட்டரிலிருந்து லேன் வயர் இழுக்க வேண்டும், யுஎஸ்பியில் செருகும் ஜிக்பீ டாங்கிள் தனியாக வாங்க வேண்டும்.

அந்த டாங்கிளைப் பெட்டியிலேயே நேராகச் செருகுவதுதான் பலருக்கும் முதல் சறுக்கல். ஜிக்பீ 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ரூட்டரின் வைஃபையும் அங்கேதான் இரைச்சல் போடும். ஒரு மீட்டர் யுஎஸ்பி நீட்டிப்பு வயர் போட்டுத் தள்ளி வையுங்கள். ரூட்டர் வைஃபையை 1 அல்லது 6ஆம் சேனலில் நிறுத்திவிட்டு ஜிக்பீக்கு 25 கொடுங்கள். இதை முதல் நாளே முடிவு செய்யுங்கள், பிறகு மாற்றினால் சில சென்சார்களைத் திரும்ப இணைக்க வேண்டிவரும். கரண்டில் ஓடும் ஜிக்பீ ரிலேக்கள் சிக்னலை அடுத்த சாமானுக்குக் கடத்தி ஒரு வலையாக நிற்கும். அதனால் அவற்றை முதலில் சேர்த்துவிட்டு, பேட்டரி சென்சார்களை அவை இருக்கப்போகும் இடத்திலேயே வைத்துச் சேர்க்க வேண்டும். கான்கிரீட் தளம் தாண்டி மாடிக்கு சிக்னல் போக, மாடிப்படி அருகே ஒரு ரிலே இருந்தால் நல்லது. ஸ்மார்ட் பல்புகளை நம்பி இந்த வலையைக் கட்டாதீர்கள். வீட்டில் யாராவது சுவிட்சை அணைத்தால் பல்போடு வலையும் அறுந்துபோகும்.

டூயா வகை வைஃபை சுவிட்சுகள் மலிவு, எங்கும் கிடைக்கும், ஆனால் இயல்பாகவே கிளவுட் வழியாகப் பேசும். இன்டர்நெட் போனால் ஆட்டோமேஷன் நிற்கும். லோக்கலாக இணைக்க வழி உண்டு. அதற்கு ரூட்டரில் ஐபியை நிலையாக வைக்க வேண்டும், சுவிட்சை ஆப்பில் மறுபடி சேர்த்தால் அதன் லோக்கல் கீ (வீட்டுக்குள் நேராகப் பேச வேண்டிய ரகசியச் சாவி) மாறிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சுவிட்ச் பாக்ஸுக்குள் ரிலே வைக்க நியூட்ரல் வேண்டும். பிளக் பாயின்ட் உள்ள போர்டில் அது இருக்கும், மாடிப்படியின் இருவழி சுவிட்சில் பெரும்பாலும் இருக்காது. அங்கே வேறு சர்க்யூட்டிலிருந்து நியூட்ரல் கடன் வாங்கினால் ஆர்சிசிபி (கசிவு கரண்டைக் கண்டால் அணைக்கும் பிரேக்கர்) டிரிப் ஆகும். இரும்புத் தகட்டு ஜிஐ பாக்ஸ் சிக்னலை மறைப்பதால் ரிலேயின் ஆன்டெனா வயர் பிளாஸ்டிக் பிளேட் பக்கம் பார்த்து இருக்கட்டும்.

இனி மோட்டார். 16 ஆம்பியர் என்று எழுதிய ஸ்மார்ட் பிளக்கில் போர் மோட்டாரை மாட்டவே கூடாது. அந்த எண் ஹீட்டர் மாதிரி லோடுக்குத்தான். மோட்டார் கிளம்பும்போது ஓட்டக் கரண்டைப்போலப் பல மடங்கு இழுக்கும், ரிலேயின் காண்டாக்ட் ஒட்டிக்கொள்ளும், பிறகு அணைத்தாலும் அணையாது. த்ரீ பேஸ் ஸ்டார்ட்டர் என்றால் ஸ்டார்ட்டர் பட்டனை அமுக்குகிற வேலையை மட்டும்தான் ரிலே செய்ய வேண்டும். பச்சை பட்டனுக்கு இணையாக ஒரு ரிலே, இரண்டு நொடி மூடித் திறக்கட்டும். சிவப்பு பட்டன் வயரில் தொடராக இன்னொரு ரிலேயின் சாதாரணமாக மூடியிருக்கும் காண்டாக்ட், நிறுத்த இரண்டு நொடி திறக்கட்டும். இப்படிச் செய்தால் கரண்ட் போய் வந்தாலும் மோட்டார் தானாகக் கிளம்பாது, கை பட்டனும் வழக்கம்போல் வேலை செய்யும். ஆனால் ஸ்டார்ட்டர் காயிலில் 415 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 250 வோல்ட் ரிலே தாங்காது. காயிலை 230 வோல்ட்டுக்கு மாற்றி நியூட்ரல் கொண்டுவரச் சொல்லுங்கள், அது எலக்ட்ரீஷியன் வேலை. ஓவர்லோட் ரிலேயை யார் சொன்னாலும் கழற்றாதீர்கள்.

மேல்தொட்டி அளவுக்கு ஈஎஸ்பி32 என்ற சின்ன வைஃபை கன்ட்ரோலர் போர்டும், ஒலியலையால் தூரம் அளக்கும் ஜேஎஸ்என் எஸ்ஆர்04டி அல்ட்ராசோனிக் சென்சாரும் போதும். போர்டில் ஈஎஸ்பிஹோம் என்ற மென்பொருளை ஏற்றினால் ஹோம் அசிஸ்டென்ட் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். சென்சாரின் எக்கோ வயரில் 5 வோல்ட் வரும், ஈஎஸ்பி32 தாங்குவது 3.3தான். நடுவே 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு போடுங்கள். சுமார் 25 சென்டிமீட்டருக்குள் தண்ணீர் வந்தால் இந்த சென்சார் உளறும் என்பதால், நிரம்பிய மட்டத்துக்கு அதைவிட உயரத்தில் வைக்க வேண்டும். மூடியின் அடியில் வியர்க்கும் நீர்த்துளியும் அளவைக் குதிக்க வைக்கும், ஏழு அளவில் நடு மதிப்பை மட்டும் எடுக்கும் மீடியன் ஃபில்டர் வைத்தால் அடங்கும். சம்புக்கு இத்தனை வேண்டாம், ஒரு ஃப்ளோட் சுவிட்ச் போதும்.

சிங்கிள் பேஸ் மோட்டார் வெறுமனே ஓடுவதைப் பிடிக்க, கரண்டை அளக்கும் பிசெம் 004டி மீட்டர் நல்லது. தண்ணீர் நன்றாக வரும்போது எத்தனை ஆம்பியர் என்று குறித்து, அதில் 70 சதவீதத்துக்குக் கீழே பத்து நொடி இருந்தால் நிறுத்தும்படி வையுங்கள். கிளம்பிய முதல் சில நொடியைக் கணக்கில் எடுக்கக் கூடாது. இந்த விதியையும், அதிகபட்ச ஓட்ட நேரத்தையும் ரிலேயை இயக்கும் ஈஎஸ்பி32 போர்டுக்குள்ளேயே எழுதுங்கள். ஹோம் அசிஸ்டென்டில் எழுதினால், அது அப்டேட்டுக்காக ரீஸ்டார்ட் ஆகிற நேரத்தில் மோட்டாரை நிறுத்த ஆளிருக்காது.

பிஎல்டிசி ஃபேனை ரெகுலேட்டர் மாட்யூலில் கொடுக்காதீர்கள், ரிமோட் ஐஆர் என்றால் ரிமோட் மாதிரியே சிக்னல் விடும் ஐஆர் பிளாஸ்டர் வையுங்கள். அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவரும் இசட்வேவ் (ஜிக்பீ மாதிரி இன்னொரு வயர்லெஸ் முறை) சாமான் இங்கே பேசாது. அங்கே 908 மெகாஹெர்ட்ஸ், இந்தியாவுக்கு 865. மேட்டர் (பல கம்பெனிச் சாமான்களும் சேர்ந்து வேலை செய்வதற்கான பொதுத் தரம்) முத்திரை இருந்தால் நல்லதுதான், அதற்காகக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை.

வெளியூரிலிருந்து பார்க்க ரூட்டரில் வழி திறந்துவிடும் போர்ட் ஃபார்வர்டிங் பல ஃபைபர் இணைப்புகளில் வேலை செய்யாது, டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் ஆப் போட்டால் தீர்ந்தது. உதிரிகளுக்கு ஆன்லைனை விட்டால் பெங்களூரு எஸ்பி ரோடுதான். ஓசூர்க்காரர்களுக்கு அது பக்கம். பட்ஜெட் குறைவென்றால் இப்போதைக்கு டேங்க், சம்பு, மோட்டாரை மட்டும் முடியுங்கள், சுவிட்சுகள் ஒவ்வொன்றாக அப்புறம் சேரட்டும். பேக்கப்பை வாரம் ஒரு முறை தானாக எடுக்க வைத்து, அதன் என்கிரிப்ஷன் கீயைப் பெட்டிக்கு வெளியே எங்காவது எழுதி வையுங்கள்.