ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்: வீட்டில் சம்ப்பைக் கழற்றுவதா, மெஷினில் ஃப்ளஷ் செய்வதா?

மெஷின் ஃப்ளஷில், அதாவது மெஷினால் புது ஆயிலைச் செலுத்திப் பழையதை வெளியே தள்ளும் முறையில், பழைய ஆயில் ஏறக்குறைய முழுவதும் வெளியே வந்துவிடும், வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் சம்ப்பை (கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் தட்டு) கழற்றாமல் செய்தால் ஃபில்டர் பழையதாகவே இருக்கும்.

வீட்டில் கழற்றினால் பல வண்டிகளில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரைதான் வடியும். மீதியில் பெரும்பகுதி டார்க் கன்வெர்ட்டரில் (இன்ஜின் விசையை ஆயில் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) தங்கிவிடும். இருந்தும் என் ஓட்டு இதற்குத்தான். சம்ப்பின் அடியில் ஒட்டியிருக்கும் காந்தத்தை நம் கண்ணாலேயே பார்க்கலாம். சாம்பல் நிறத்தில் மை போல வழவழப்பாக இருந்தால் வழக்கமான தேய்மானம். விரலில் குத்தும் உலோகத் துணுக்கு கிடைத்தால் உள்ளே ஏதோ உடைகிறது. மெக்கானிக்கிடம் காட்டியே ஆக வேண்டும். ஃபில்டரும் புதிதாகிவிடும். கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு மறுபடி வடித்து ஊற்றினால் மீதிப் பழையதும் பெருமளவு குறையும்.

சரி, எல்லோருக்கும் இது ஒத்துவருமா? வராது. சில வண்டிகளில் ஃபில்டரை எடுக்க கியர்பாக்ஸையே பிரிக்க வேண்டும். சிவிடி (பல்சக்கர கியர்களுக்குப் பதில் பெரும்பாலும் பெல்ட்டில் இயங்கும் ஆட்டோமேட்டிக் வகை) என்றால் அதற்கான ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும். ஆயில் அளவையும், மேனுவல் சொல்லும் சூட்டில் ஆயில் இருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். அப்புறம், வெறும் ஜாக்கை நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது, ஸ்டாண்டு கட்டாயம்.